ஃப்ளூரினேற்றமும் கரியமில வாயு மாற்றமும் கெடும்போது: பக்க விளைபொருளிலிருந்து பிழையைக் கண்டுபிடிப்பது

கார்பனோடு ஃப்ளூரினை இணைப்பதும் கார்பன் டை ஆக்சைடை வேறொரு பொருளாக மாற்றுவதும் இரண்டு தனித் துறைகள் போலத் தெரியும். ஆனால் ஆய்வகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கெடுகின்றன. உலோகம் செய்ய வேண்டிய முக்கியமான படி இரண்டிலும் மெதுவானது. அதற்குப் பக்கத்திலேயே ஈரமோ ஆக்சிஜனோ, எங்கிருந்தோ வந்து சேர்ந்த வேறொரு உலோகமோ ஒரு வேகமான பாதையைத் திறந்துவிடுகிறது. விளைச்சல் குறைந்ததும் பலரும் முதலில் மாற்றுவது வினையூக்கியை, அடுத்து ஈனியை (உலோகத்தோடு ஒட்டி அதன் குணத்தை மாற்றும் மூலக்கூறை). இப்படி மாதக்கணக்கில் நாட்கள் போவதைப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். என் அனுபவத்தில் உலோகத்தைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். வேண்டாத பொருளாக என்ன வந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வினை எந்த இடத்தில் வழி தவறியது என்று அந்தப் பொருள் சொல்லிவிடும்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போகலாம்.

போட்டது போட்டபடியே இருக்கிறது

அரைல் ட்ரைஃப்ளேட்டையோ புரோமைடையோ (பென்சீன் வளையத்தில் எளிதில் விலகும் ஒரு குழு உள்ள பொருள்கள்) பலேடியத்தோடும் சீசியம் ஃப்ளூரைடோடும் சூடாக்கினீர்கள், மறுநாள் பார்த்தால் தொடக்கப் பொருள் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பலேடியம், அதே ஈனி, அதே தொடக்கப் பொருளை எடுத்து, சுலபமாக ஓடக்கூடிய ஒரு பிணைப்பு வினையைச் சிறிய அளவில் செய்து பாருங்கள். போரானிக் அமிலமோ ஓர் அமீனோ போதும். அதுவும் ஓடவில்லை என்றால் முன்வினையூக்கி (குடுவையில் வினையூக்கியாக மாற வேண்டிய பொருள்) செயல்நிலைக்கே வரவில்லை, அல்லது ஈனி ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. பாஸ்பரஸ்-31 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுத்தால் பாஸ்பீன் ஈனியிலிருந்து வந்த பாஸ்பீன் ஆக்சைடு தெரிந்துவிடும், சில நிமிட வேலைதான்.

அது ஓடுகிறது, ஃப்ளூரினேற்றம் மட்டும் ஓடவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, ஃப்ளூரைடு உலோகத்தை எட்டவே இல்லை. சீசியம் ஃப்ளூரைடும் பொட்டாசியம் ஃப்ளூரைடும் பெரும்பாலான கரிமக் கரைப்பான்களில் சரியாகக் கரையாது. வினை பெரும்பாலும் திடப்பொருளின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. ஆகவே துகளின் அளவும் கலக்கும் வேகமும் வெறும் நுணுக்கங்கள் அல்ல, விளைச்சலையே தீர்மானிப்பவை. உலர்த்திய உப்பைக் குளோவ் பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத கையுறைப் பெட்டிக்குள்) நன்றாக அரைத்துப் போட்டுப் பாருங்கள். கட்டியாக இருந்த அதே உப்பு அரைத்த பிறகு வேறு பொருள் போல நடந்துகொள்ளும்.

இரண்டாவது காரணம் உண்மையிலேயே ஈனியைச் சேர்ந்தது. பலேடியத்திலிருந்து கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்து வெளியேறும் கடைசிப் படி மிகக் கடினமானது. அமெரிக்க வேதியியலாளர் ஸ்டீபன் புக்வால்டின் குழு 2009-இல் பிரெட்ஃபாஸ் வகைப் பருமனான பாஸ்பீன்களைக் கொண்டு, அரைல் ட்ரைஃப்ளேட்டிலிருந்து சீசியம் ஃப்ளூரைடால் அரைல் ஃப்ளூரைடு செய்து காட்டிய பிறகுதான் இந்தப் பாதை நடைமுறைக்கு வந்தது. பருமன் குறைந்த ஈனியை வைத்துக்கொண்டு வெப்பநிலையை ஏற்றிப் பயனில்லை. ஈனியை மாற்றுவது முதல் மருந்தாகும் இடம் இது ஒன்றுதான்.

ஃப்ளூரின் வர வேண்டிய இடத்தில் ஹைட்ரஜன் வந்திருக்கிறது

அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான், இதில் நேரம் செலவழிப்பது வீண் போகாது. ஹாலஜன் போன அரீன் (பென்சீன் வளையச் சேர்மம்) முக்கியப் பொருளாக வந்தால், உலோகம் தன் முதல் வேலையைச் செய்துவிட்டது, அதன்பின் கார்பன்–உலோகப் பிணைப்பை ஏதோ ஒரு புரோட்டான் வெட்டிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அது தண்ணீரின் புரோட்டான்.

செம்பைக் கொண்டு ட்ரைஃப்ளூரோமீத்தைல் குழுவைச் சேர்க்கும் வினையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ட்ரைஃப்ளூரோமீத்தைல் குழுவைச் சிலிக்கனில் ஏந்திய ரூப்பர்ட்–பிரகாஷ் வினைபொருளைப் பொட்டாசியம் ஃப்ளூரைடோடு சேர்த்து அந்தக் குழுவைச் செம்புக்குக் கொடுக்கிறோம். இடையில் ஈரம் இருந்தால் செம்புக்குப் போக வேண்டியது புரோட்டானைப் பிடித்து ஃப்ளூரோஃபார்மாகி வாயுவாகப் போய்விடும். கச்சா கலவையை அப்படியே ஃப்ளூரின்-19 என்.எம்.ஆரில் வையுங்கள். −79 பி.பி.எம். (நிறமாலையில் உச்சியின் இடத்தைக் குறிக்கும் அலகு) அருகில், சுமார் 79 ஹெர்ட்ஸ் இடைவெளியோடு இரட்டை உச்சி இருந்தால் அது ஃப்ளூரோஃபார்ம். −62, −63 பக்கம் ஒற்றை உச்சி இருந்தால் நீங்கள் தேடும் அரைல் ட்ரைஃப்ளூரோமீத்தைல். −157 பக்கம் தெரிவது ட்ரைமீத்தைல்சிலைல் ஃப்ளூரைடு. வினைபொருள் கிளப்பப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மூன்றாவது பெரிதாகவும் முதலாவது பெரிதாகவும் இருந்தால் ஈரம். மூன்றாவதே இல்லை என்றால் ஃப்ளூரைடு வேலை செய்யவில்லை, அதாவது மேலே சொன்ன உலர்த்தல், அரைத்தல் கதைக்குத் திரும்புங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? கரைப்பானைத்தான் எல்லோரும் சோதிக்கிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் உப்பு. சீசியம் ஃப்ளூரைடு காற்றில் நிமிடங்களில் ஈரம் உறிஞ்சும். எடை போடும் நேரம் போதும். வெற்றிடத்தில் நன்கு சூடாக்கி உலர்த்தி, குளோவ் பாக்ஸிலேயே எடை போடுங்கள். டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஃப்ளூரைடை மட்டும் இப்படிச் சூடாக்கி உலர்த்தப் பார்க்காதீர்கள். ஃப்ளூரைடே காரமாக மாறி அந்த அம்மோனியம் அயனியைச் சிதைத்துவிடும், மிச்சமிருப்பது பைஃப்ளூரைடு. ஈரத்தைப் பற்றிச் சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. வினையில் வேண்டுமென்றே ஒரு சமமோல் கனநீர் சேர்த்து, வெளிவரும் அரீனில் டியூட்டீரியம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் புரோட்டான் தண்ணீரிலிருந்து வருகிறது. ஏறவில்லை என்றால் கரைப்பானையோ ஈனியையோ சந்தேகியுங்கள்.

அரீனோடு இரு-அரைலும் சேர்ந்து வந்தால் ஆக்சிஜனையும் கணக்கில் எடுங்கள். செப்டத்தில் (குடுவையின் ரப்பர் மூடியில்) பத்து முறை குத்தியிருந்தால் அதை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

எதிர்பார்த்த நிறையைவிட 50 கூடுதலாக ஒரு பொருள்

ஜி.சி.-எம்.எஸ்.ஸில் (பொருள்களைப் பிரித்து நிறையை அளக்கும் கருவியில்) இது தெரிந்தால் பென்டாஃப்ளூரோஎத்தைல் அரீன் உருவாகியிருக்கிறது. ஃப்ளூரின் என்.எம்.ஆரில் −85 பக்கம் ஒன்று, −115 பக்கம் ஒன்று, 3-க்கு 2 என்ற விகிதத்தில் வரும். செம்பின் மேல் இருந்த ட்ரைஃப்ளூரோமீத்தைல் குழு அரீனைக் காணாமல் காத்திருந்து, ஒரு ஃப்ளூரைடை இழந்து டைஃப்ளூரோகார்பீனாகி, பக்கத்துச் செம்பில் இருந்த இன்னொரு குழுவோடு சேர்ந்து நீண்டுவிட்டது. அதாவது ட்ரைஃப்ளூரோமீத்தைல் செம்பு உருவாகும் வேகம், அது செலவாகும் வேகத்தைவிட அதிகம். வினைபொருளை மெதுவாகச் சேர்ப்பதும், பினாந்த்ரோலின் போன்ற ஈனியால் செம்பை நிலைப்படுத்துவதும் உதவும். வெப்பநிலையை ஏற்றுவது இங்கே நிலைமையை மோசமாக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வினைகளில் ஃப்ளூரோஃபார்மும் டெட்ராஃப்ளூரோஎத்திலீனும் வாயுவாக வரக்கூடும். இறுக்கி மூடிய சிறிய குப்பியில் அளவைப் பெருக்காதீர்கள்.

என்.எம்.ஆரில் 80 சதவீதம், கையில் 40

பெரும்பாலும் விளைபொருள் ரோட்டரி எவாப்பரேட்டரில் போயிருக்கும். ட்ரைஃப்ளூரோடொலுயின் 102 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஃப்ளூரோபென்சீன் 85 டிகிரியில். ஃப்ளூரின் சேர்ந்ததால் மூலக்கூறு எடை கூடியிருக்கிறது, அதனால் ஆவியாகாது என்று நினைப்பது இயல்பு, ஆனால் தவறு. முதலில் கனமான துணைக் குழு உள்ள ஒரு தொடக்கப் பொருளில் முறையைச் சரிபாருங்கள்.

எண் தலைகீழாகவும் தவறலாம். என்.எம்.ஆர். விளைச்சல் 110, 120 என்று வந்தால் அளவீட்டைப் பாருங்கள். ஃப்ளூரின் உட்கருக்கள் சில மெதுவாகத்தான் ஓய்வுநிலைக்குத் திரும்பும். துடிப்புகளுக்கு இடையில் போதிய இடைவெளி விடாவிட்டால், மெதுவாகத் திரும்பும் உச்சி சிறியதாகத் தெரியும். அது உள்தரப் பொருளாக (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருளாக) இருந்தால் விளைச்சல் ஊதிப்போகும். இன்னொன்று, ஃப்ளூரின் நிறமாலை மிகவும் அகலமானது. −62-இல் ஒரு உச்சி, −160-இல் ஒரு உச்சி என்றால் இரண்டையும் ஒரே துடிப்பு சமமாகத் தூண்டாது. உள்தரப் பொருளை விளைபொருளுக்கு அருகில், ஆனால் மேலே விழாதபடி தேர்ந்தெடுங்கள். ட்ரைஃப்ளூரோமீத்தைல் அரீனை அளக்க ட்ரைஃப்ளூரோடொலுயினையே உள்தரமாகப் போட்டு, இரண்டு உச்சிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய நிறமாலையோடு ஒரு மாணவர் என்னிடம் வந்தது நினைவிருக்கிறது. அவருடைய வினை உண்மையில் நன்றாகவே ஓடியிருந்தது.

ஃப்ளூரின் பக்கத்துக் கார்பனில் போய் உட்கார்ந்திருக்கிறது

எலக்ட்ரான் நிறைந்த அரீன்களில், குறிப்பாக ட்ரைஃப்ளேட்டுக்குப் பாரா இடத்தில் மெத்தாக்சி இருந்தால், பாரா பொருளோடு மெட்டா ஐசோமரும் வரும். ஃப்ளூரைடு காரமாகவும் நடந்துகொள்வதால் பென்சைன் (வளையத்தின் அடுத்தடுத்த இரு கார்பன்களிலிருந்து குழுக்கள் விலகிய இடைநிலை) போன்ற ஒரு பாதை திறக்கிறது. இவற்றை நிறப்பிரிகைப் பத்தியில் பிரிப்பது பெரும்பாடு. டொலுயினுக்குப் பதில் சைக்ளோஹெக்சேன் போட்டால் ஐசோமர் குறையக்கூடும், முதலில் அதை முயலுங்கள்.

குடுவை மங்கிப்போயிருக்கிறது

ஈரமும் அமிலத்தன்மையும் உள்ள ஃப்ளூரைடு கண்ணாடியை அரிக்கும். −129 பக்கம் ஹெக்சாஃப்ளூரோசிலிகேட்டும் −151 பக்கம் டெட்ராஃப்ளூரோபோரேட்டும் தெரிந்தால், உங்கள் ஃப்ளூரைடு கண்ணாடிக்குச் செலவாகிறது. டெஃப்லான் அல்லது பி.எஃப்.ஏ. என்ற ஃப்ளூரின் பிளாஸ்டிக் குப்பிக்கு மாறுங்கள். ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உருவாக வாய்ப்புள்ள எந்த வேலைக்கும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

மின்கலத்தில் ஹைட்ரஜன் மட்டுமே வருகிறது

இனி கரியமில வாயுவை மின்சாரத்தால் வேறு பொருளாக மாற்றுவது. செம்பு மின்முனையில் மீத்தேனும் எத்திலீனும் வரும் என்று ஜப்பானிய வேதியியலாளர் யோஷியோ ஹோரி 1985 முதல் காட்டியதிலிருந்து எல்லோரும் செம்பைத்தான் எடுக்கிறார்கள். வெள்ளி என்றால் கார்பன் மோனாக்சைடு, வெள்ளீயம் அல்லது பிஸ்மத் என்றால் ஃபார்மேட். எந்த உலோகமானாலும் ஹைட்ரஜன் மட்டுமே வந்தால், கரியமில வாயு மேற்பரப்பை எட்டவில்லை, அல்லது மேற்பரப்பில் இருப்பது நீங்கள் வைத்த உலோகம் அல்ல.

முதலாவதைச் சோதிப்பது சுலபம். 25 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீரில் கரையும் கரியமில வாயு லிட்டருக்குச் சுமார் 33 மில்லிமோல்தான். மூழ்கிய மின்முனையில் மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வாயு தீர்ந்து தண்ணீர்தான் எலக்ட்ரானை வாங்கும். கலக்கும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். ஹைட்ரஜன் பங்கு குறைந்தால் பிரச்சினை வாயு போய்ச் சேர்வதில்தான். 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட்டின் பி.எச்.சையும் அளந்து விடுங்கள். கரியமில வாயுவால் நிறைந்தால் அது 6.8 அருகில் இருக்கும். 8-ஐத் தாண்டியிருந்தால் வாயு நிறையவில்லை, கூடவே ஆர்.எச்.இ. (மீள் ஹைட்ரஜன் மின்முனை) அளவுக்கு நீங்கள் மாற்றி எழுதும் மின்னழுத்தமும் கிட்டத்தட்ட 0.1 வோல்ட் தவறும்.

இரண்டாவதுக்கு மறுபக்கத்து மின்முனையைப் பாருங்கள். பிளாட்டினத்தை நேர்மின்முனையாக வைத்தால் அது மிகச் சிறிய அளவில் கரைந்து, சவ்வைக் கடந்து உங்கள் செம்பின் மேல் படியலாம். பிளாட்டினத்துக்கு ஹைட்ரஜன் உருவாக்குவதைவிடப் பிடித்த வேலை இல்லை. நேர்மின்முனையாக ஒரு கார்பன் தண்டை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் அரை மணி நேரம் நன்றாக இருந்தது, பிறகு ஹைட்ரஜன் ஏறியது

இதுவும் அதே கதையின் தொடர்ச்சி, ஆனால் மெதுவாக நடப்பது. செம்பு செயலிழப்பது செம்பின் குணம் என்று நீண்ட காலம் பேசப்பட்டது. மின்பகு கரைசலில் இருக்கும் இரும்பு, துத்தநாக அயனிகள் செம்பின் மேல் படிவதுதான் காரணம் என்று ஹோரி குழு 2005-இல் விளக்கமாகக் காட்டியது. நீங்கள் வாங்கும் உயர்தர உப்பிலும் அந்த அளவு அசுத்தம் இருக்கும். மருந்து எளிது. வேறொரு மின்முனையை வைத்துச் சில மணி நேரம் சிறிய மின்னோட்டத்தில் முன்மின்னாற்பகுப்பு செய்து கரைசலைச் சுத்தப்படுத்துங்கள், அல்லது கீலேட் பிசின் (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பிசின்) வழியாகக் கரைசலை விடுங்கள். அதன்பின் செயலிழப்பு நின்றால், நீங்கள் இவ்வளவு நாளும் பார்த்தது உங்கள் வினையூக்கியின் ஆயுளை அல்ல, உப்பின் தரத்தை.

ஃபாரடே திறனைக் கூட்டினால் 100 வரவில்லை, அல்லது 100-ஐத் தாண்டுகிறது

செலவான மின்னோட்டத்தில் ஒவ்வொரு விளைபொருளுக்கும் போன பங்குதான் ஃபாரடே திறன். கூட்டுத்தொகை குறைந்தால் திரவப் பொருள்களைத் தேடுங்கள். ஃபார்மேட்டும் அசிட்டேட்டும் எதிரயனிச் சவ்வைக் கடந்து மறுபக்கம் போய்விடும், எத்தனால் வாயு ஓட்டத்தோடு ஆவியாகும். மறுபக்கக் கரைசலையும் சோதித்தால் காணாமல் போனது அங்கே இருக்கும்.

100-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தவறு வாயு ஓட்ட மீட்டரில். உள்ளே போகும் ஓட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறோம். ஆனால் கரியமில வாயுவின் ஒரு பகுதி வினையில் செலவாகிறது, இன்னொரு பெரிய பகுதி மின்முனையில் உண்டாகும் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கார்பனேட்டாகிறது. வெளியே வரும் ஓட்டம் குறைவு. ஆகவே ஜி.சி.யில் விளைபொருளின் செறிவு அதிகமாகத் தெரியும், அதை உள்ளே போன ஓட்டத்தால் பெருக்கினால் எண் ஊதிவிடும். வெளியேறும் ஓட்டத்தை நேரடியாக அளங்கள். வாயு மின்முனைகளில் இந்தத் திருத்தம் இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

இதே கார்பனேட் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நடுநிலை அல்லது காரக் கரைசலில், கார்பன் மோனாக்சைடாக மாறும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இன்னொன்று கார்பனேட்டாகப் போகும். ஆகவே ஒருமுறை ஓட்டத்தில் பயன்பாடு 50 சதவீதத்தைத் தாண்டாது. எத்திலீனுக்கு அது 25 சதவீதம். உங்கள் எண் அங்கே முட்டி நின்றால் வினையூக்கியை மாற்றி மேலே போக முடியாது.

மின்முனையின் பின்புறம் வெள்ளைப் படிவு

அந்தக் கார்பனேட்டும் பைகார்பனேட்டும்தான் உப்பாகப் படிகின்றன. வாயு பரவும் அடுக்கு ஈரத்தை ஒட்டாமல் வைத்திருப்பது பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் பூச்சு. உப்பு படிந்த இடத்தில் கரைசல் ஏறி, துளைகள் நிரம்பி, மறுபடி ஹைட்ரஜன் பெருகும். நேர்மின்முனைப் பக்கக் கரைசலை நீர்த்துப்போகச் செய்யுங்கள். பொட்டாசியத்துக்குப் பதில் சீசியம் போட்டால் உப்பு அதிகம் கரையும். உள்ளே விடும் வாயுவுக்கு ஈரப்பதம் ஏற்றுங்கள். இவ்வளவு செய்தும் சில மணி நேரத்தில் படிந்தால் மின்னோட்டத்தைக் குறைப்பதே வழி.

ஆர்கானிலும் அதே விளைபொருள் வருகிறது

அப்படியானால் கார்பன் வேறெங்கிருந்தோ வருகிறது. டைமீத்தைல்ஃபார்மமைடு நீராற்பகுந்து ஃபார்மேட் தரும். ஒளிவினையில் போடும் அமீன்கள் சிதைந்தும் சிறு கார்பன் பொருள்கள் வரலாம். தீர்ப்பு சொல்வது கார்பன்-13 ஏற்றிய கரியமில வாயு. ஃபார்மேட்டின் புரோட்டான் உச்சி 8.4 பக்கம், சுமார் 195 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகப் பிளந்தால் அது உங்கள் வாயுவிலிருந்து வந்தது. ஒற்றையாகவே நின்றால் அல்ல. விளைபொருள் மைக்ரோமோல் அளவில் இருந்தால் இந்தச் சோதனை இல்லாமல் எதையும் எழுதாதீர்கள்.

மெத்தனால் குறைந்து கார்பன் மோனாக்சைடு ஏறுகிறது

செம்பு–துத்தநாக ஆக்சைடு–அலுமினா படுகையில், அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு செய்யும் வினை இது. மெத்தனால் உருவாவது வெப்பம் உமிழும், நீர்-வாயுப் பெயர்ச்சியின் எதிர்த்திசை வினை (கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் மோனாக்சைடும் நீருமாக மாறுவது) வெப்பம் உறிஞ்சும். ஆகவே வெப்பநிலை ஏறினால் மோனாக்சைடு பெருகும். தெர்மோகப்பிள் படுகையின் நடுவில் இருக்கிறதா, சுவரிலா என்று முதலில் பாருங்கள். நாளுக்கு நாள் இரண்டுமே குறைந்தால் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பெரிதாகின்றன. 300 டிகிரிக்கு மேல் இது வேகமெடுக்கும், குளோரைடு இருந்தால் இன்னும் சீக்கிரம். தொடக்கத்தில் தூய ஹைட்ரஜனை நேரடியாக விட்டு ஒடுக்கியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே இந்தச் சேதம் நடந்திருக்கும். நீர்த்த ஹைட்ரஜனில், வெப்பநிலையை மெதுவாக ஏற்றி ஒடுக்க வேண்டும்.

இந்தச் செம்புப் படுகையில் வரக் கூடாத மீத்தேன் வந்தால் நிக்கலையோ இரும்பையோ தேடுங்கள். எஃகுச் சிலிண்டரிலிருந்தும் குழாய்களிலிருந்தும் மோனாக்சைடு இவற்றைக் கார்பனைல் ஆவியாக்கிக் கொண்டுவந்து செம்பின் மேல் இறக்கிவிடும். நிக்கல் படுகையிலேயே வேலை செய்பவர்கள், குளிரும்போது 200 டிகிரிக்குக் கீழே போவதற்கு முன் மோனாக்சைடை மந்த வாயுவால் முழுக்க வெளியேற்றிவிடுங்கள். நிக்கல் கார்பனைல் மிகக் கொடிய நஞ்சு.

பழைய பாட்டிலில் ஓடியது, புதிய பாட்டிலில் ஓடவில்லை

இது வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பழைய பாட்டிலில் இருந்த அசுத்தம்தான் வினையூக்கியாக இருந்திருக்கலாம். உலோகமே இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு பிணைப்பு வினை, சோடியம் கார்பனேட்டில் இருந்த பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவு பலேடியத்தால் ஓடியது என்று 2005-இல் தெரியவந்தது. இரும்பு என்று நம்பிய சில வினைகளில் உண்மையில் வேலை செய்தது செம்பின் தடயம் என்று 2009-இல் புக்வால்டும் ஜெர்மனியின் கார்ஸ்டன் போல்மும் காட்டினார்கள். புதிய பாட்டிலைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இரண்டு பாட்டில்களிலிருந்தும் மாதிரி எடுத்து ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸுக்கு (தடய உலோகங்களை அளக்கும் சோதனைக்கு) அனுப்புங்கள். செம்பு, பலேடியம், நிக்கல், இரும்பு நான்கையும் கேளுங்கள். புதிய காந்தக் கலக்கி ஒன்றை வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பழைய கலக்கியின் கீறல்களில் பலேடியம் ஒளிந்திருக்கும். நன்றாக ஓடிய பாட்டிலில் கடைசி இரண்டு கிராம் மிச்சமிருக்கும்போதே லாட் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, அந்த இரண்டு கிராமையும் தனியாக மூடி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இருக்காது.